சிப்பிப்பாறையைக் காப்பாத்த முயலைக் கொல்லணுமாம்!

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கு மேட்டர் கொஞ்சம் காரசாரமா இருக்கும். திட்டணும்னு தோணினா தாராளமா திட்டுங்க, ஆனா கடைசி வரைக்கும் படிச்சுட்டு திட்டுங்க.

எங்க ஆவடி பக்கம் கோடையில ஏரி வத்தினதும் ஒரு கூட்டம் கிளம்பும். ஞாயித்துக்கிழமை விடியக்காலையில நாலு பைக், பின்சீட்ல உக்காந்திருக்கறவர் மடியில ஒரு ஒல்லியான நாய். சிப்பிப்பாறையோ கன்னியோ இருக்கும். முள்ளுப்புதரைக் கம்பால தட்டிக்கிட்டே போவாங்க. முயல் எழுந்து ஓடும். கயித்தை அவுத்து விடுவாங்க. ஒரு ஆள் மொபைல்ல வீடியோ எடுப்பார். அன்னிக்கு சாயங்காலமே அது பின்னணி இசையோட வாட்ஸப்ல சுத்தும், கீழே "வீரம் விளைஞ்ச மண்ணு"ன்னு ஒரு வரி. நாலு ஆளும் ரெண்டு நாயும் சேர்ந்து ரெண்டு கிலோ முயலைத் துரத்துறதுல எங்கய்யா வீரம் விளையுது?

சரி, அது அவங்கவங்க ரசனை, விடுங்க. எனக்குக் கோவம் வர்ற இடம் வேற. இதைப் பத்திப் பேச்செடுத்தா உடனே ஒரு வாதம் வருது பாருங்க: "வேட்டைக்கு விடலைன்னா நாட்டு நாய் இனமே அழிஞ்சிடும் ப்ரோ. ஜல்லிக்கட்டு இல்லைன்னா நாட்டு மாடு எப்படி அழியுமோ அதே மாதிரிதான்." எங்க ஆபீஸ்லயே கோவில்பட்டி பக்கத்து நண்பர் ஒருத்தர் ஒரு மணி நேரம் இதைத்தான் சொன்னார். தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு பழமொழி சொல்லுவாங்க. இவங்க கேஸ்ல பழமொழி அப்படியே பொருந்துது, முயல் உள்பட :-)

2017 ஜனவரியில நானும் மெரினாவுல நின்னவன்தான். காலேஜ் கட் அடிச்சுட்டு, பட்டாபிராம் லோக்கல் ட்ரெயின் புடிச்சுப் போனேன். அதனால இந்த ஒப்பீட்டுக்குப் பதில் சொல்ற உரிமை எனக்கு உண்டு. ஜல்லிக்கட்டுல எந்த இனத்தைக் காப்பாத்துறோம்னு சொன்னோமோ, அந்த மாடேதான் களத்துல நிக்குது. அதுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கார், ஆட்டம் முடிஞ்சு அவர் கூடவே வீட்டுக்குப் போகுது. மாநில அரசு மிருகவதை தடுப்புச் சட்டத்துல திருத்தம் கொண்டு வந்தது. 2023 மே மாசம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் அதை ஏத்துக்கிச்சு. முயல் வேட்டையில காப்பாத்தப்படறதா சொல்றது நாயை, சாகறது முயல். முயலுக்கு சொந்தக்காரர் கிடையாது, அதுக்காக மெரினாவுக்கு வர்ற கூட்டமும் கிடையாது. ரெண்டும் எப்படிங்க ஒண்ணாகும்?

அடுத்த வாதம் இதை விட அருமை. "இது என்ன காடா? ஏரிப் புறம்போக்கு. இங்க எதுக்கு வனச்சட்டம்?" படிச்சவங்களே இப்படித்தான் நினைக்கறாங்க. சரணாலயத்துக்குள்ள, காப்புக்காட்டுக்குள்ள போனாத்தான் குத்தம், பட்டா நிலத்துல, ஏரியில விட்டா தப்பில்லையாம். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் ஒன்பதாவது பிரிவுல வேட்டைக்குப் போட்டிருக்கற தடை நிலத்துக்குப் போட்ட தடை இல்லை, விலங்குக்குப் போட்டது. அட்டவணையில இருக்கற விலங்கு உங்க வீட்டுக் கொல்லைக்கு வந்தாலும் அதே சட்டம்தான். முயல் முன்னாடி நாலாவது அட்டவணையில இருந்தது. 2022 திருத்தத்துல அட்டவணைகளையே மாத்தி எழுதினாங்க, அதுக்கப்புறமும் பாதுகாக்கப்பட்ட பட்டியல்லதான் இருக்கு. நிலம் எதுங்கறது எங்க முக்கியம்னா, தண்டனை அளவுல. வெளியில முயல் வேட்டைன்னா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். அதையே சரணாலயத்துக்குள்ள போய் செஞ்சா ஆரம்பமே மூணு வருஷம், ஏழு வரைக்கும் போகும்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. "நாங்க கொல்றதில்லை சார், நாய்க்கு சும்மா ஓட்டம் காட்டறோம், முயல் தப்பிச்சுடும்"னு சொல்றவங்க இருக்காங்க. சட்டத்துல வேட்டைன்னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. கொல்றது, விஷம் வைக்கறது, புடிக்கறது, கண்ணி வைக்கறது, விரட்டறது எல்லாம் அதுல வரும். 2002 திருத்தத்துக்கு அப்புறம் அந்த வரிசையில 'கோர்சிங்'னு தனியா ஒரு வார்த்தையும் இருக்கு. கோர்சிங்னா வேற எதுவும் இல்லை, பார்வையால இரையைத் துரத்துற நாயை விட்டுத் துரத்தறதுதான். முயற்சி பண்ணாலே குத்தம்னும் எழுதியிருக்கு. ஆக, கயித்தை அவுத்த நொடியே கதை முடிஞ்சது. முயல் தப்பிச்சா முயலுக்கு லாபம், உங்களுக்கு இல்லை.

ஒரு காலத்துல இதுக்கு லைசென்ஸ் உண்டுங்கறது உண்மைதான். 1972-ல சட்டம் வந்தப்போ சிறு விலங்கு வேட்டைக்கு உரிமம்னு ஒண்ணு இருந்தது. 1991 திருத்தத்துல அதைத் தூக்கிட்டாங்க. அப்போ பொறந்த பசங்களே இப்போ என்னை விட சீனியர், இன்னும் "எங்க தாத்தா லைசென்ஸ் வெச்சிருந்தாரு"ன்னா என்ன செய்யறது?

சமீபத்துல புதுசா ஒண்ணு கிளம்பியிருக்கு. 2025 ஜனவரியில காட்டுப்பன்றியைச் சுட அரசு அனுமதிச்சுதில்ல, அதைக் காட்டி "வேட்டை ஓப்பன் ஆயிடுச்சு"ங்கறாங்க. அறிவிப்பை ஒழுங்கா படிங்கப்பு. காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு வெளியே, பயிரை அழிக்கற பன்றியை, வனத்துறை ஆளுங்க சுடலாம். நீங்களும் நானும் இல்லை. நாயும் இல்லை. முயல் அதுல வரவே இல்லை.

இப்போ மரபுக்கு வருவோம். இந்த வார்த்தையைக் கேட்டாதான் எனக்கு பிபி எகிறுது.

வேட்டை எங்க மரபுன்னு இந்த ஊர்ல யாராவது சொல்ல முடியும்னா அது நரிக்குறவர்கள்தான். ஆவடியிலேயே அவங்க குடியிருப்பு இருக்கு. 2022 ஏப்ரல்ல முதல்வர் ஸ்டாலின் வந்து அவங்க வீட்ல சாப்பிட்டுட்டுப் போனாரே, அதேதான். அவங்களுக்கு வேட்டை ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு இல்லை, அன்னாடச் சோறு. சட்டம் வந்து ஒரே நாள்ல "இனிமே இது குத்தம்"னு சொல்லிடுச்சு. மாத்து வேலை குடுத்தாங்களா? ஊசி, பாசிமணின்னு கோயில் வாசல்லயும் ரயில்வே ஸ்டேஷன்லயும் உக்காந்தாங்க. பழங்குடியினர் பட்டியல்ல சேர்க்கற சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறவே 2022 டிசம்பர் ஆச்சு. சட்டம் போட்டு அம்பது வருஷம்! வயித்துப்பாட்டுக்கு வேட்டையாடினவங்ககிட்ட "விட்டுடு"ன்னு சொன்ன நாடு இது. மாசச் சம்பளம் வாங்கி, முப்பதாயிரம் ரூபாய் மொபைல் வெச்சுக்கிட்டு, பொழுது போகாம முயல் துரத்தற நம்மகிட்ட மட்டும் "மரபு, பரவாயில்லை"ன்னு சொல்லணுமா? இதைக் கேக்கவே கூச்சமா இல்லையா?

வனத்துறையையும் சும்மா விட முடியாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் "முயல் வேட்டையாடினால் கடும் நடவடிக்கை"ன்னு அறிவிப்பு வரும். சேலம் வாழப்பாடி பக்கம் வங்காநரி ஜல்லிக்கட்டுக்கு வருஷா வருஷம் அபராதம் போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஊரே சேர்ந்து வசூல் பண்ணிக் கட்டிட்டு, அடுத்த பொங்கலுக்கு மறுபடி நரி புடிப்பாங்க. அபராதம் திருவிழாச் செலவுல ஒரு ஐட்டம் ஆயிடுச்சு. நம்ம பக்கம் நிலைமை இன்னும் தமாஷ். ஏரி நீர்வளத்துறைக்கு, புறம்போக்கு வருவாய்த்துறைக்கு, முயல் மட்டும் வனத்துறைக்கு. மூணு துறையும் ஒரு கரையில வந்து நின்னு நான் பார்த்ததே இல்லை. செம்பரம்பாக்கத்துலயோ பருத்திப்பட்டுலயோ "இங்க இருக்கற முயல், கீரி, உடும்பு எல்லாம் சட்டத்தால பாதுகாக்கப்பட்டவை"ன்னு தமிழ்ல ஒரு போர்டு வெச்சா என்ன குறைஞ்சிடும்?

சரி, நாயைப் பத்திப் பேசுவோம். எனக்கும் சிப்பிப்பாறை உயிர். அது ஓடறதைப் பார்த்தவன் அதை மறக்க மாட்டான், நாலு காலும் தரையில இல்லாத அந்த ஒரு கணம் இருக்கே... அது அழியக்கூடாதுன்னுதான் நானும் சொல்றேன். ஆனா அதை அழிக்கறது எது? வெள்ளை ராஜபாளையத்துல செவிட்டுக் குட்டிங்க ஏன் பொறக்குது? சின்ன வட்டத்துக்குள்ளயே இனம் சேர்த்துச் சேர்த்து அந்தக் குறையையும் சேர்த்துக்கிட்டே வந்ததுல. சிப்பிப்பாறையில கலப்பு எங்கேர்ந்து வருது? வேகத்துக்கு ஆசைப்பட்டு கிரேஹவுண்ட் சேர்க்கற ஆளுங்ககிட்டேர்ந்து. அதை செய்யறவங்க யாரு, வேட்டைக்கும் பந்தயத்துக்கும் நாய் வளர்க்கறவங்கதானே? "முயல் புடிக்கற நாயை மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்"னு பெருமை பேசறவங்க கையிலதான் அந்த மூஞ்சியே மாறிக்கிட்டிருக்கு.

சைதாப்பேட்டையில 1980-களோட தொடக்கத்துல அரசு ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவு ஆரம்பிச்சது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் அங்க இருந்தது. 2016-ல அதை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. இனம் அழியுதுன்னு கத்தணும்னா கத்த வேண்டிய இடம் அது. "மூடாதே, ஒழுங்கா நடத்து"ன்னு கேட்டவங்க இருந்தாங்க. ஆனா வீடியோ போடற வீரர்கள் கூட்டத்தை அங்க நான் பார்க்கலை.

வேட்டை போனா நாய் போயிடும்ங்கறதுக்கு உலகத்துலயே சாட்சி இல்லை. இங்கிலாந்துல நாய் விட்டு முயல் துரத்தறது 2005 பிப்ரவரியில தடையாச்சு. கிரேஹவுண்ட் அழிஞ்சு போச்சா? அமெரிக்காவுல, நம்ம வனவிலங்கு சட்டம் வந்த அதே 1970-கள் தொடக்கத்துல, கலிஃபோர்னியாவுல வேட்டை நாய் வெச்சிருந்தவங்க வேற வழி கண்டுபுடிச்சாங்க. மைதானத்துல தரையோட தரையா நீளமா ஒரு கயிறு, வளைவுக்கு வளைவு கப்பி, ஒரு முனையில மோட்டார். கயித்துல வெள்ளை பிளாஸ்டிக் பை. மோட்டாரைப் போட்டா பை முயல் மாதிரியே வளைஞ்சு வளைஞ்சு ஓடும். இந்த வகை நாய்ங்க மோப்பத்தை விட கண்ணைத்தான் நம்பும். அதனால ஓடறது பையா முயலான்னு அதுக்குக் கவலையே இல்லை. வேகம், திருப்பம், கவனம் எல்லாத்துக்கும் மார்க் உண்டு.

"நாய் பையைத் துரத்தறது ஒரு பொழப்பா"ன்னு கேப்பீங்க. வடநெம்மேலியில போய்ப் பாருங்க. பாம்புத்தோல் வியாபாரம் தடையானப்போ இருளர்களுக்கும் இதே நெருக்கடிதான். 1978-ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு, அதே பாம்பு புடிக்கற திறமையால விஷம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டுல விடறாங்க. அந்த விஷத்துலதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகுது. கத்துக்கிட்ட வித்தையை சட்டத்துக்குள்ள கொண்டு வர அவங்களால முடிஞ்சிருக்கு. இத்தனைக்கும் அவங்ககிட்ட பைக்கும் இல்லை, மொபைலும் இல்லை. கர்நாடகாவோட முதோல் நாயை 2016-ல ராணுவம் மீரட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பயிற்சி குடுக்க ஆரம்பிச்சது. நம்ம சிப்பிப்பாறைக்கு மட்டும் முயலை விட்டா வேற வேலையே கிடையாதுன்னு சொல்றது அந்த நாய்க்குப் பண்ற அவமானம்.

நான் மெக்கானிக்கல் இல்லை, சாஃப்ட்வேர்தான். ஆனாலும் அந்த மோட்டார் சமாச்சாரம் பெரிய ராக்கெட் சயின்ஸ் மாதிரி தெரியலை. அம்பத்தூர் எஸ்டேட்ல பட்டறை வெச்சிருக்கற நண்பர்கிட்ட பேசினேன். பழைய கார் ஸ்டார்டர் மோட்டார், ஒரு பேட்டரி, பத்து கப்பி, நானூறு மீட்டர் நைலான் கயிறு இருந்தா செஞ்சு பாக்கலாம்ங்கறார். வேலி போட்ட மைதானம் ஒண்ணு வேணும். பூந்தமல்லி, திருநின்றவூர் பக்கம் தெரிஞ்சவங்க இடம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. நாய் வெச்சிருக்கறவங்களும் கை தூக்குங்க.

டிஸ்கி: "முயல் எங்க பாஸ் கிடைக்கும்"னு கேக்கற அனானி பின்னூட்டங்கள் வெளியிடப்பட மாட்டாது. நாயோட பேரையும் வயசையும் மறக்காம போடுங்க.