இயற்கையும் நாமும்: சிவனொளிபாதமலை ஓடைத் தும்பி



மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையுடன் முடியும் யாத்திரைக் காலத்தில் சிவனொளிபாதமலை ஏறியவர்கள் நம்மிற் பலர் இருப்பீர்கள். அந்த மலையைச் சுற்றியுள்ள மழைக்காட்டில் வாழும் ஒரு சிறு தும்பியைப் பற்றி இம்முறை அறிந்து கொள்வோம்.

ஊரில் மழை விட்டதும் முற்றத்தில் பறக்கும் தும்பியை யாவரும் அறிவோம். ஊசித்தும்பி அதனிலும் மெலிந்தது. கண்கள் இரண்டும் விலகி நிற்கும். பெரும்பாலான ஊசித்தும்பிகள் அமரும்போது சிறகுகளை முதுகின்மேல் சேர்த்து வைக்கும். நாம் சொல்லவந்த தும்பியோ சிறகுகளைப் பாதி விரித்தபடி அமரும் குடும்பத்தைச் சேர்ந்தது. உடல் பச்சை உலோகம் போல மினுங்கும். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் சிங்ஹலெஸ்டெஸ் ஓரியென்டாலிஸ்.

ஹாகன் என்ற ஜேர்மனிய அறிஞர் 1862இல் இதனை விவரித்தார். அக்காலத்தில் மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டு வந்தன. தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்ட நம் உறவுகளே அத்தோட்டங்களில் உழைத்தனர். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. பின்னர் அந்நிலங்களில் தேயிலை வந்தது. தும்பியோ கண்ணிற் படவேயில்லை. அழிந்துவிட்டது என்றே எண்ணினர். 150 ஆண்டுகளின் பின், 2012இல், சிவனொளிபாதமலைச் சரணாலயத்தில் இலங்கை ஆய்வாளர்கள் அதனை மீண்டும் கண்டனர். 1940இல் சரணாலயமாக்கப்பட்ட அக்காடு, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

காடு இருந்தால் மட்டும் போதுமா? ஊசித்தும்பியின் குஞ்சுப்பருவம் முழுவதும் தண்ணீருக்குள்ளேயே கழிகிறது. வால் நுனியில் இலைபோன்ற மூன்று செவுள்கள் உண்டு. நுளம்புக் குடம்பிகளையும் பிற சிறு பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். ஓடைக்கரை மரங்களை வெட்டினால் நீர் சூடாகும். அழுக்குச் சேர்ந்தால் மூச்சுக் காற்றுக் குறையும். இரண்டையும் இவ்வுயிர்கள் தாங்கமாட்டா. களனி, களு, வளவை ஆறுகள் பிறப்பதும் இம்மலைப் பக்கத்திலேதான். ஓடை கெட்டால் கீழேயுள்ள ஊர்களுக்கும் கேடுதான்.

நல்லதண்ணி வழியாக ஏறுவோர் சீத கங்குல ஓடையில் முகம், கைகால் கழுவிப் போவது வழக்கம். விடுமுறைக்கு ஊர் சென்று மலை ஏறும் நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓடையில் சவர்க்காரம், ஷாம்பு பாவிக்க வேண்டாம். கொண்டுபோன போத்தல், பொலித்தீன் பைகளைத் திரும்பக் கீழே கொண்டு வாருங்கள். பிள்ளைகளிடமும் ஒரு பையைக் கொடுத்துப் பழக்குங்கள்.

நாம் வாழும் சுவிஸ் நாட்டிலும் முன்பு எத்தனையோ ஓடைகளை நேராக்கினார்கள், குழாய்க்குள் புதைத்தார்கள். இப்போது அவற்றைத் திறந்து விடுகிறார்கள். 2011இல் நடைமுறைக்கு வந்த நீர்ப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி சுமார் 4000 கிலோமீற்றர் ஆறு, ஓடைகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் செல்லும் என்று கணக்கிட்டுள்ளனர். கெடுப்பது எளிது, திருத்துவதற்கு மூன்று தலைமுறை வேண்டும்.

ஆனி, ஆடி மாதங்களில் வெயில் நாளாகப் பார்த்து, மரநிழலில் ஓடும் தெளிந்த ஓடைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கருநீலச் சிறகுடன் வண்ணத்துப்பூச்சிபோல் படபடக்கும் ஊசித்தும்பி ஒன்றை அங்கே காணலாம். அதைக் காட்டி, இதன் உறவினம் ஒன்று நம் சிவனொளிபாதமலையிலும் உண்டு என்று சொல்லிக் கொடுங்கள்.