இடம் வேண்டாம், பட்டியலைக் கொடுங்கள்

யூ.பி.யூ. முடிவுகள் வந்த வாரம் கிள்ளானில் பெரியம்மா வீட்டில் ஒரு கோப்பு தயாரானது. எஸ்.டி.பி.எம். சான்றிதழ், புறப்பாடச் சான்றிதழ்கள், தலைமையாசிரியர் கடிதம், எல்லாவற்றிலும் இரண்டு நகல். தங்கச்சிக்குப் பி.என்.ஜி.கே. 4.00. மருத்துவம் கிடைக்கவில்லை. "ஒய்.பி.கிட்ட கொடுத்துப் பார்ப்போம்யா, அவரு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார் பெரியம்மா. நான்தான் காரில் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போனேன். அங்கே எங்களுக்கு முன்னால் அதே மாதிரி கோப்புகளோடு ஐந்து குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன.

பெரியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வரிசை மேல்தான் கோபம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மெரிட் 100 புள்ளி. பாடத்துக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. பி.என்.ஜி.கே. 4.00 எடுத்த எல்லாருக்கும் முழு 90 கிடைக்கும். நான் பொறியாளன். மீட்டரின் முள் உச்சியில் முட்டி நின்றுவிட்டால் அது அதற்கு மேல் எதையும் அளக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் ஏராளமானவர்கள் அந்த உச்சியில் நிற்கிறார்கள். பிறகு அவர்களைப் பிரிப்பது மிச்சமுள்ள பத்துப் புள்ளியும் நேர்காணலும்தான். மாநில அளவில் ஹாக்கி ஆடியவன் யார், பள்ளி விட்டதும் அம்மாவின் கடைக்கு ஓடியவன் யார் என்பது அந்தப் பத்தில் தெரியும். எவன் நல்ல டாக்டர் ஆவான் என்பது தெரியாது.

அடுத்து, இந்த 4.00 இரண்டு வாசல் வழியாக வருகிறது. ஆறாம் படிவம் மூன்று தவணை, ஒன்றரை ஆண்டு. மெட்ரிகுலேஷன் பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டு. அதில் 90 விழுக்காடு இடம் பூமிபுத்ராக்களுக்கு. 2002இல் இனக் கோட்டாவை எடுத்துவிட்டு 'தகுதி' முறை என்று பெயர் வைத்தபோது, இரண்டு வேறு தேர்வுகளின் புள்ளிகளை ஒரே அளவுகோலில் நிறுத்தினார்கள். இரண்டும் சமமா? சமமாகவே இருக்கட்டும். அதைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2004இல் எஸ்.டி.பி.எம்.மில் 4.00 எடுத்த 128 பேருக்கு மருத்துவம் மறுக்கப்பட்டது. நாடே சத்தம் போட்டது. அப்துல்லா படாவி அரசு தலையிட்டு இடம் தேடிக் கொடுத்தது. நாமும் வெற்றி என்று வீட்டுக்குப் போய்விட்டோம். 128 பேருக்கு இடம் கிடைத்தது, சூத்திரம் அப்படியே இருந்தது. 2018இல் இந்தியர்களுக்கு 2,200 மெட்ரிகுலேஷன் இடம் என்றார்கள். 2019இல் மொத்த இடத்தை 25,000இலிருந்து 40,000 ஆக்கினார்கள், 90:10 அசையவில்லை. 2024இல் எஸ்.பி.எம்.மில் 10ஏ எடுத்தால் இனம் பார்க்காமல் மெட்ரிகுலேஷன் என்று அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் ஒவ்வொன்றும் மேலிருந்து வந்த கொடை. கொடுத்த கை அடுத்த ஆண்டு குறைத்தால், எதைக் காட்டிக் கேட்பது?

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2017இல் அரியலூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். நீட் வந்ததால் இடம் போனது, உயிரும் போனது. பழைய முறையில் அவருடைய கட்-ஆஃப் 196.75. அதற்கு இடம் கிடைத்திருக்கும் என்று ஊரே சொல்ல முடிந்தது, ஏனென்றால் அங்கே தரவரிசையும் கட்-ஆஃபும் எல்லாருக்கும் தெரிந்தவை. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு சட்டமானது. 2021இல் ஏ.கே. ராஜன் குழு, நீட்டுக்கு முன்னும் பின்னும் யார் உள்ளே வந்தார்கள் என்று எண்களை வைத்துப் பேசியது. நீட் இன்னும் போகவில்லை. ஆனால் சண்டை எண்களோடு நடக்கிறது. இங்கே தங்கச்சியின் கையில் இருப்பது 'தோல்வி' என்று ஒரு வரியும், மேல்முறையீட்டுக்குச் சில நாளும்.

"பிரைவேட்ல சேர்த்துடலாமே" என்பார்கள். மலேசிய மருத்துவ மன்றத்தின் குறைந்தபட்சத் தகுதி எஸ்.டி.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், அதோடு பௌதிகம் அல்லது கணிதம், மூன்றிலும் 'பி'. சில லட்சம் ரிங்கிட்டும் மூன்று 'பி'யும் இருந்தால் தனியார் கல்லூரிக் கதவைத் தட்டலாம். நான்கு 'ஏ' எடுத்து காசு இல்லையென்றால் ஒய்.பி. வீட்டு வரிசை.

"இது சென்சிட்டிவ் விஷயம் தம்பி" என்று அடுத்த குரல் வரும். நான் எந்த மலாய்க்காரப் பையனின் இடத்தையும் கேட்கவில்லை. கிளந்தான் கம்பத்துப் பையனுக்கும் தன் மெரிட் எங்கே நின்றது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் மூன்று எண்கள் போதும். எந்த வாசலில் வந்தவர்களுக்கு எத்தனை இடம்? ஒவ்வொரு வாசலிலும் கடைசியாக உள்ளே போனவரின் மெரிட் எவ்வளவு? நேர்காணலில் எனக்குக் கிடைத்த புள்ளி எவ்வளவு? யாருடைய பெயரும் வேண்டாம்.

அன்றைக்கு ஒய்.பி.யின் உதவியாளர் கோப்பை வாங்கிக்கொண்டு, "பார்த்துச் சொல்றோம்மா" என்றார். பெரியம்மா கும்பிட்டார். அடுத்த ஆண்டும் வரிசை இருக்கும். அதில் நிற்பவர்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். 'என் மகளுக்கு ஓர் இடம் தாருங்கள்' என்பதை அடித்துவிட்டு, 'அந்த மூன்று எண்களையும் நாடாளுமன்றத்தில் கேளுங்கள்' என்று எழுதுங்கள். ஐந்து குடும்பமும் அதையே எழுதட்டும்.