சுற்றுலா விசாவில் ஆசிரியர் வேலையா?

ஆசிரியருக்கு,

தாய்லாந்தில் ஆங்கிலம் கற்பிக்கும் நம் பட்டதாரிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மேலை நாடுகளைவிட அங்கே வாழ்க்கைச் செலவு குறைவு என்பது உண்மைதான். ஆனால் விசா பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

சுற்றுலாப் பயணியாகப் போய் அங்கே பாடம் நடத்துவது சட்டவிரோதம். வேலைக்கான 'நான்-பி' விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். எங்கள் தெருவில் பி.எட். முடித்த பெண்ணிடம் ஒரு முகவர் எண்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, "முதல்ல டூரிஸ்ட்டா போம்மா, மத்ததை ஸ்கூல்ல பார்த்துக்குவாங்க" என்றார். வேலை அனுமதி வரவே இல்லை. இரண்டே மாதத்தில் திரும்பிவிட்டாள். முகவரிடம் கொடுத்தது அம்மாவின் வளையலை அடகு வைத்த பணம். 2022-ல் தாய்லாந்து வேலையை நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கியதை நினைத்தால், இவள் வீடு வந்து சேர்ந்ததே பெரிது.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், பள்ளிகளைச் சரிபார்த்து, தென்கிழக்காசிய ஆசிரியர் பணியிடங்களையும் அறிவிக்க வேண்டும். அம்பத்தூர், ஆவடி பக்கத்துக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்கு விசா வகைகளை ஒரு மணி நேரம் விளக்கவும் ஏற்பாடு செய்யலாம்.

– ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
அயனம்பாக்கம், சென்னை