வேலை தேடுபவருக்கு மனநல உதவி வீண் செலவா?

“வேலையில்லாதவருக்கு வேலையைக் கொடுங்கள், ஆலோசனை எதற்கு?” என்று கேட்பவர்கள் மூன்று காரணங்களை அடுக்குகிறார்கள். முதல் இரண்டும் ஆய்வுகளின் முன் நிற்கவில்லை. மூன்றாவதில் நியாயம் இருந்தாலும், உதவியை மறுக்க அது போதாது.

முதலாவது: வேலை கிடைத்தால் மனம் தானாகத் தெளியும். சரி, கிடைக்கும்வரை? ஆஸ்திரியாவின் மரியன்தால் கிராமத்தில் பஞ்சாலை மூடப்பட்டபின், 1930களின் தொடக்கத்தில் மரீ யஹோடாவும் சக ஆய்வாளர்களும் அங்கே ஆய்வு செய்தார்கள். நேரம் ஏராளம், நூலகக் கட்டணமும் இல்லை. ஆனாலும் புத்தகம் எடுப்பது சரிந்தது. ஆண்களின் நடைகூடத் தளர்ந்திருந்தது. இப்படி ஒடிந்துபோனவர் எந்தத் தெம்பில் வேலை தேடுவார்?

இரண்டாவது: பேசினால் வேலை வந்துவிடுமா? வெறும் ஆறுதல் போதாது. முறையான பயிற்சி பலன் தருகிறது. நீண்டகாலம் வேலையற்றிருந்த பிரிட்டிஷ்காரர்களில் ஒரு குழுவினர் எண்ணப்போக்கைச் சீராக்கும் பயிற்சி பெற்றார்கள். மற்றக் குழுவுக்குப் பரஸ்பர ஆதரவுக் கூட்டங்கள் மட்டும். நான்கு மாதத்தில் முழுநேர வேலையில் சேர்ந்தவர்கள் முதல் குழுவில் 34 சதவீதம், இரண்டாவதில் 13. 1997இல் லான்செட் இதழில் வெளியான முடிவு இது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஜாப்ஸ்’ திட்டத்தில் ஐந்து அரைநாள் அமர்வுகள்தான். பயிற்றுநர்கள் நேர்காணலைத் தப்பும் தவறுமாக நடித்துக் காட்டுவார்கள். வந்திருப்பவர்கள் பிழைகளைச் சொல்லித் திருத்துவார்கள். நிராகரிப்பு வந்தால் மறுநாள் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே திட்டமிடுவார்கள். மனச்சோர்வு அபாயம் அதிகமிருந்தவர்களுக்கே இதனால் கூடுதல் பலன் கிடைத்தது.

மூன்றாவது: வேலையின்மைக்கான பழியை ஆலோசனை தனிமனிதர் தலையில் கட்டுகிறது. இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ‘வராவிட்டால் உதவித்தொகை நிற்கும்’ என்று மிரட்டி அனுப்பும் ஆலோசனை, உதவியே அல்ல. அதை எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் கட்டாயப்படுத்துவது தவறு என்பதால் உதவியே தவறாகிவிடாது. ஆலை மூடியதற்குத் தொழிலாளி பொறுப்பல்ல என்று எடுத்துச் சொல்வதும் நல்ல ஆலோசனையின் வேலைதான்.

வேலைகளை உருவாக்குவது அரசின் கடமை. அதுவரை வேலை தேடுபவர் நொறுங்கிவிடாமல் காப்பதும் அதே கடமையில் அடங்கும். ஆகவே, விரும்பி வருவோருக்கு, வேலை போன முதல் வாரங்களிலேயே, வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே இந்த உதவி கிடைக்க வேண்டும்.