கிளட்ச் கொடுத்த முன்னறிவிப்பு

தினமும் காலையில் வானொலியில் போக்குவரத்துத் தகவல் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. “பழுதடைந்த வாகனத்தால் இடத்தடத்தில் நெரிசல்” என்று எத்தனை முறை வாசித்திருப்பேனோ, கணக்கில்லை. சென்ற மாதம் ஒரு மாலை, அந்த வாகனம் என்னுடையது.

ஜாலான் புக்கிட் மேராவில் சிவப்பு விளக்கு. முதல் கியரில் இருக்கிறேன், கிளட்ச்சை முழுதாகப் பிடித்திருக்கிறேன். ஆனாலும் வண்டி மெல்ல முன்னால் ஊர்கிறது. எதிரே ஒரு சீனப் பாட்டி தள்ளுகூடையுடன் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். பிரேக்கை இறுக்கினேன். என்ஜின் குலுங்கி அணைந்தது, வண்டி நின்றது. பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் தலைக்கவசத்துக்குள் வேர்த்துக் கொட்டியது.

அலெக்சாண்ட்ரா வில்லேஜ் பக்கம் பட்டறைகள் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. தள்ளிக்கொண்டே போனேன். மெக்கானிக் அண்ணன் என் குரலைக் கேட்டதும், “காலையில ரேடியோவுல பேசுற தம்பிதானே?” என்றார். பெருமையாக இருந்தது. அடுத்த கேள்வியில் அது போய்விட்டது.

“கிளட்ச் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?”

“அதை மாத்தணுமாண்ணே?”

என் வண்டி பழைய வண்டியாக வாங்கியது. வாங்கி நான்கு ஆண்டு ஆகிறது. என்ஜின் எண்ணெய், செயின், டயர் எல்லாம் தவறாமல் பார்ப்பேன். கைப்பிடியின் இடப்பக்கம் இருக்கும் சிறு டப்பாவை ஒரு நாளும் திறந்ததில்லை.

2பி உரிமத்தில் ஓட்டும் சிறிய வண்டிகளில் பெரும்பாலும் கேபிள் கிளட்ச்தான். பெரிய வண்டிகள் சிலவற்றில் கேபிளுக்குப் பதில் திரவம். நாம் பிடியை இழுத்தால், குழாயில் உள்ள திரவம் அந்த அழுத்தத்தைக் கொண்டுபோய் கிளட்ச்சை விடுவிக்கிறது. திரவத்தைச் சுருக்க முடியாது, அதனால்தான் இது வேலை செய்கிறது. ஆனால் வழக்கமாக ஊற்றும் டாட் 4 திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் ஆவிக் குமிழ்கள். அவை பஞ்சு போலச் சுருங்கும், அழுத்தம் போய்ச் சேராது. கொதிக்காவிட்டாலும் அந்த ஈரம் உள்ளே இருக்கும் உலோகத்தை அரிக்கும், ரப்பர் வளையங்கள் வழியே காற்றோ கசிவோ வர இடம் கொடுக்கும்.

“ஓட்டுறதே கொஞ்ச தூரம்தானே அண்ணே” என்று இழுத்தேன். “ஈரம் கிலோமீட்டர் பாத்தா வருது?” என்றார். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பிடி தொளதொளப்பது, நியூட்ரல் விழ மறுப்பது, இரண்டு மூன்று முறை அடித்தால்தான் கிளட்ச் பிடிப்பது, இதெல்லாம் தெரிந்தால் இரண்டு ஆண்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். டப்பாவில் அளவு குறைந்தால் அது பெரும்பாலும் கசிவு. மேலே ஊற்றி நிரப்பிவிட்டுப் போவது தீர்வு அல்ல.

மூடியைத் திறந்து காட்டினார். வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது தே ஓ நிறத்தில் இருந்தது. பழையதை இறக்கி, புதியதை ஊற்றி, காற்றை வெளியேற்ற அரை மணி நேரம். முடிந்தது என்று பணப்பையை எடுத்தேன். அவர் வலப்பக்க டப்பாவைத் தட்டினார்.

“இதுக்கும் அதே வயசுதானே?”

முன் பிரேக். அங்கேயும் அதே திரவம், அதே நான்கு ஆண்டு. கேபிள் கிளட்ச் வைத்திருப்பவர்களும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும், டிஸ்க் பிரேக் உள்ள வண்டி எல்லாவற்றிலும் இது உண்டு. கிளட்ச் கெட்டால் வண்டி முனகும், ஊரும், நடுச்சாலையில் மானத்தை வாங்கும். பிரேக் அப்படி நிதானமாகச் சொல்லிவிட்டுப் போகாது. நீண்ட இறக்கத்தில் சூடேறும் வரை நன்றாகத்தான் இருக்கும். மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்சைக்கிளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. என் வண்டியும் அதில் தேறியதுதான். அதை நம்பி, நீண்ட வார இறுதியில் நண்பர்களோடு கேமரன் மலைக்குப் போகத் திட்டம் போட்டிருந்தேன்.

பிரேக்கிலிருந்து இறங்கியது தே ஓ இல்லை, கோப்பி ஓ.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அண்ணன் சொன்னது: மூடியில் எழுதியிருக்கும் வகையைத்தான் ஊற்ற வேண்டும். சில ஐரோப்பிய வண்டிகளின் கிளட்ச்சுக்கு மினரல் ஆயில், அதில் பிரேக் திரவம் பட்டால் ரப்பர் எல்லாம் பாழ். என்றோ திறந்து அலமாரியில் வைத்த பாட்டில் வேண்டாம், அதுவும் ஈரம் குடித்திருக்கும். பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரேக்கை மட்டும், பழக்கம் இல்லாதவர்கள் தொடவே வேண்டாம்.

இருக்கைக்கு அடியில் தேதி எழுதி ஒரு டேப் ஒட்டிக் கொடுத்தார். அன்றிரவே கேமரன் மலைக் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். ஐந்து பேரில் நான்கு பேர், “வானொலியில் பேசுவது போதாதா” என்று கிண்டலடித்தார்கள். ஒருவர் மட்டும் கீழே கார்பேட்டைக்கு இறங்கிப் போய், தன் வண்டியின் டப்பாவைப் படம் எடுத்து அனுப்பினார்.

கோப்பி ஓ.