303உம் 363உம்

போன கிழமை எங்கட கூட்டத்தில் கருக்கலைப்பைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டு, தேத்தண்ணி ஆறிப்போகும்வரை சண்டை பிடித்தோம். கருவும் ஓர் உயிர்தான், அதை அழிக்க எவருக்கும் உரிமையில்லை என்று இரண்டு பேர் நின்றார்கள். அவளின் உடம்பு, அவளின் முடிவு என்று மற்றவர்கள். இன்னும் நாங்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆகவே எது பாவம், எது சரி என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. இதற்காக ஒரு பெண்ணைச் சிறையில் போடலாமா என்பதுதான் எங்கட கேள்வி.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883இல், வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அல்லாமல் கருவைக் கலைத்தால் மூன்று வருடம் வரை சிறை என்கிறது அதன் 303ஆம் பிரிவு. பிள்ளை துடிக்கத் தொடங்கிய பிறகென்றால் ஏழு வருடம் வரை. செய்துவிட்டவருக்கு மட்டுமில்லை, தானே கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும்தான். பிரித்தானியாவே 1967இல் தன்ர சட்டத்தை மாற்றிவிட்டது. இந்தியா 1971இல் மாற்றியது. நாங்கள்தான் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

அதே கோவையின் 363ஆம் பிரிவைப் பாருங்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்திருந்தாலும் அது வன்புணர்வு என்கிறது. நல்லது. ஆனால் அந்தப் பிள்ளை கர்ப்பமானால்? உனக்கு நடந்தது குற்றம் என்று சொன்ன அதே சட்டம், அதைச் சுமந்து பெறு, மறுத்தால் நீயும் குற்றவாளி என்கிறது. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைக்கு!

1995இல் இதைத் திருத்தப் பார்த்தார்கள், கைவிட்டார்கள். 2017இல் திரும்பவும் பேச்சு வந்தது. கேட்டதோ வெறும் இரண்டு விலக்குகள்: வன்புணர்வால் வந்த கர்ப்பம், பிறந்தாலும் பிழைக்காத அளவுக்குக் குறைபாடுள்ள கரு. மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள், அதுவும் கிடப்பில் போனது. வந்திருந்தாலும் எல்லாருக்கும் உதவியிராது. சேர்ந்து வாழும் கணவன் பலவந்தப்படுத்தினால் எங்கட சட்டத்தில் அது வன்புணர்வே இல்லை.

சட்டம் இருப்பதால் கருக்கலைப்பு நின்றுவிட்டதா? காசிருக்கிறவை ரகசியமாக நல்ல டொக்டரிடம் போகினம், இல்லாட்டி இந்தியாவுக்குப் பறக்கினம். இல்லாதவை யாரோ தந்த குளிசையை, எத்தனை போடுவதென்று கூடத் தெரியாமல் போடினம். பிறகு இரத்தம் நிற்காது. காய்ச்சல் வரும். ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிசுக்குச் சொல்லிவிடுவினமோ என்ற பயத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே கிடப்பார்கள். அந்த இரண்டு நாள்தான் உயிரை எடுக்கிறது. (இதை வாசிக்கிற யாருக்காவது தேவைப்படலாம்: இரத்தப்போக்குக்குச் சிகிச்சை பெறுவது குற்றமில்லை. உடனே போங்கோ.)

கூட்டம் முடியும்போது, கரு உயிர்தான் என்று நின்ற இருவரிடமும் கேட்டோம்: அந்த 14 வயதுப் பிள்ளையை நீதவானுக்கு முன்னால் நிறுத்துவீங்களா? ஒருத்தி உடனேயே இல்லை என்றாள். மற்றவன் இன்னும் யோசிக்கிறான்.