கப்பலேறும் முன் இரண்டு நாள்

எகிப்தின் நைல் நதியில் லக்சர் முதல் அஸ்வான் வரையிலான கப்பல் பயணம் பெரும்பாலும் 3 அல்லது 4 இரவுகளில் நிறைவுறும். அதற்கெனக் கடல் கடந்து செல்லும் நாம், லக்சர் நகருக்கு அரை நாள் மட்டும் ஒதுக்குவது சிக்கனம் ஆகாது. கிழக்குக் கரையில் கர்னாக் கோயிலுக்கு ஒரு நாள். மேற்குக் கரையில், 1922-இல் துட்டன்காமன் கல்லறை கண்டறியப்பட்ட மன்னர் பள்ளத்தாக்கிற்கு மற்றொரு நாள் என இரு நாள்களேனும் வேண்டும். அந்நாள்களைப் பயணத்தின் இறுதியில் வைக்காமல் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வோம். விமானம் தாமதமானால் கப்பல் நமக்காகக் காத்திராது. செலுத்திய கட்டணமும் திரும்பாமற் போகலாம். இரண்டு இரவுகளுக்கான விடுதி வாடகை, நகரைக் காணும் நிறைவுடன் அவ்விழப்பிற்கு ஒரு காப்பாகவும் அமையும். பயணச் செலவைத் திட்டமிடும்போதே இத்தொகையையும் சேர்த்து ஒதுக்குவதே விவேகம்.